நிலக்கரி கப்பலேறும் வழி

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கனிம வளங்கள் பாடத்தில் ஓர் அட்டவணை வரும். ஒரு பக்கம் கனிமம், மறுபக்கம் நாடு. நிலக்கரி ஏற்றுமதி என்றால் இந்தோனேசியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா. மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். வரைபடத்தில் புள்ளியும் வைத்துவிடுவார்கள். அந்தப் புள்ளியிலிருந்து கடற்கரை வரை ஒரு கோடு போடச் சொல்லும்போதுதான் பாடம் உயிர் பெறுகிறது என்பது என் எண்ணம். இன்று அந்தக் கோட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஒரு கிலோ தங்கத்தைக் கைப்பையில் கொண்டுபோய்விடலாம். அதே விலைக்கு நிலக்கரி என்றால் நூற்றுக்கணக்கான டன் ஏற்ற வேண்டும். எடை அதிகம், விலை குறைவு. ஆகவே வெட்டியெடுக்கும் செலவோடு வழிச்செலவும் சேர்ந்துதான் அது விற்குமா, விற்காதா என்பதை முடிவு செய்கிறது.

முதலில் இந்தோனேசியா. அனல்மின் நிலையங்களுக்கான நிலக்கரியை உலகிலேயே அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடு அது. 2023இல் 50 கோடி டன்னுக்கு மேல் அனுப்பியது. போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானில்தான் பெரும்பாலான சுரங்கங்கள் உள்ளன. அங்கே ஆறுதான் பாதை. சுரங்கத்திலிருந்து லாரியில் ஆற்றங்கரைக்கு வரும் நிலக்கரி, பார்ஜ் எனப்படும் தட்டையான சரக்குப் படகில் ஏறும். ஒரு பார்ஜில் ஏறத்தாழ 8,000 டன் கொள்ளும். இழுவைப் படகு அதை மகாகம், பாரிட்டோ ஆறுகள் வழியே கடலுக்கு இழுத்துச் செல்லும். கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்கு மிதக்கும் கிரேன்கள் அதை மாற்றும். தண்டவாளம் போடும் செலவு மிச்சம். ஆனால் கோடையில் பாரிட்டோவில் நீர் குறைந்தால் படகு நிற்கும். மழை மிஞ்சினால் சுரங்கத்தில் வேலை நிற்கும்.

இந்த நாட்டிலேயே ஒரு வேடிக்கை நடந்தது. 2022 ஜனவரி 1 முதல் நிலக்கரி ஏற்றுமதிக்கே அரசு தற்காலிகத் தடை விதித்தது. காரணம், உள்நாட்டு மின் நிலையங்களில் கையிருப்பு கரைந்துவிட்டது. உள்நாட்டு மின் நிலையங்களுக்கு டன்னுக்கு 70 டாலர் என்று உச்சவரம்பு இருந்தது. வெளிச்சந்தையில் விலை அதைவிட மிக அதிகம். பார்ஜ் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லவும் வேண்டுமா?

அடுத்து ஆஸ்திரேலியா. அங்குள்ள நியூகாசில் துறைமுகத்திலிருந்து 1799இலேயே நிலக்கரி வங்காளத்துக்குக் கப்பலேறியது. இன்று அது உலகின் மிகப்பெரிய நிலக்கரி ஏற்றுமதித் துறைமுகம். ஹன்டர் பள்ளத்தாக்குச் சுரங்கங்களிலிருந்து ரயில்கள் வருகின்றன. வேகனின் அடிப்பக்கக் கதவுகள் திறந்து, ரயில் மெல்ல நகரும்போதே சரக்கு கீழே கொட்டுகிறது. அங்கேயும் வழி அடைத்துக்கொண்ட காலம் உண்டு. 2007இல் ஏராளமான கப்பல்கள் கடலில் வரிசை கட்டிக் காத்திருந்தன. அந்த ஜூன் மாதப் புயலில், நிலக்கரி ஏற்ற வந்த ‘பாஷா பல்கர்’ என்ற கப்பல் கடற்கரையில் தரைதட்டியது. பிறகு 2010இல் மூன்றாவது ஏற்றுமதி முனையம் செயல்படத் தொடங்கியது.

மூன்றாவது தென்னாப்பிரிக்கா. நம் மாணவர்கள் அவசியம் அறிய வேண்டிய கதை இது. ம்புமலாங்கா மாகாணச் சுரங்கங்களிலிருந்து ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துக்கு ஏறத்தாழ 580 கி.மீ. ரயில் பாதை. 1976இல் திறந்த முனையம் வளர்ந்து, ஆண்டுக்கு 9.1 கோடி டன் கையாளும் திறன் பெற்றது. 2017இல் 7.6 கோடி டன் ஏற்றுமதியானது. 2022இல் உக்ரைன் போரால் உலகச் சந்தையில் நிலக்கரி விலை டன்னுக்கு 400 டாலரைத் தாண்டியது. சுரங்கத்தில் சரக்கு இருந்தது, துறைமுகத்தில் இடம் இருந்தது, வாங்க ஆள் இருந்தது. ரயில்தான் போதவில்லை. செம்புக் கம்பித் திருட்டும் எஞ்சின் பற்றாக்குறையும் பாதையை முடக்கின. அந்த ஆண்டு ஏற்றுமதி சுமார் 5 கோடி டன்தான். 2023இல் அது 4.7 கோடியாகக் குறைந்தது.

ரயில் குறைந்தால் சரக்கு சாலைக்கு வரும். ரிச்சர்ட்ஸ் பே செல்லும் நெடுஞ்சாலைகளில் லாரிகள் பெருகின. 2022 செப்டம்பரில் பொங்கோலா ஊருக்கு அருகே, அந்த நெடுஞ்சாலை ஒன்றில் லாரி மோதி, பள்ளிப் பிள்ளைகள் உட்பட சுமார் 20 பேர் உயிரிழந்தார்கள். கனரகச் சரக்கை மீண்டும் ரயிலுக்கு மாற்ற வேண்டும் என்ற குரல் அதன்பின் வலுத்தது. போக்குவரத்துக் கட்டமைப்பு என்று பாடநூலில் நாம் படிக்கும் வறண்ட சொல்லுக்குள் பள்ளி விட்டு வீடு திரும்பும் குழந்தையின் உயிரும் இருக்கிறது.

வகுப்பறைக்கு வருவோம். தொடக்கநிலை ஆசிரியர்கள் ஒரு கணக்குக் கொடுக்கலாம். தென்னாப்பிரிக்க ரயில் ஒன்றில் 200 வேகன்கள். ஒரு வேகனில் 84 டன். மொத்தம் 16,800 டன். 30 டன் ஏற்றும் லாரி என்றால் எத்தனை லாரி வேண்டும்? 560. அந்த விடை வந்தவுடன், “டீச்சர், இவ்வளவு லாரியும் எந்த ரோட்டில் போகும்?” என்று ஒரு பிள்ளையாவது கேட்கும்.

உயர்நிலை வகுப்பில் மூன்று குழுக்களாகப் பிரித்து, ஆறு, ரயில், சாலை ஆகியவற்றுள் ஒவ்வொன்றிலும் என்ன நின்றால் சரக்கு நிற்கும் என்று எழுதச் சொல்லலாம். தூத்துக்குடி, எண்ணூர் பக்கத்துப் பள்ளிகளுக்கு நிலக்கரி வந்திறங்கும் முனை கண்ணெதிரே இருக்கிறது. அங்கிருந்து பின்னோக்கிக் கோடு போடலாம்.

மேல்வகுப்பில் ஒரு கேள்வியை விடையின்றியே விட்டு வையுங்கள். ம்புமலாங்காவில் எமலாஷ்லேனி என்று ஓர் ஊர் உண்டு. ‘நிலக்கரி இருக்கும் இடம்’ என்பதே அந்தப் பெயரின் பொருள். உலகம் நிலக்கரியைக் குறைத்துக்கொள்ளும் நாளில் அந்த ஊரும், அதற்கென்றே போட்ட தண்டவாளமும் என்ன ஆகும்? இதற்குப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் சொல்லும் பதில்களைக் கேட்டுப் பாருங்கள். புள்ளி வைப்பது தேர்வுக்குப் போதும். கோடு போடக் கற்ற பிள்ளை, நாளை எந்தச் சரக்கைப் பார்த்தாலும் அது வந்த வழியைக் கேட்கும்.