கண்டனமும் இடித்துரையும்



வாசுதேவநல்லூரிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் பேருந்து நடுவழியில் நின்றுவிட்டால், 'கண்டமான வண்டியைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்' என்று பயணியர் சலித்துக்கொள்வதுண்டு. ஓடத் தகுதியற்றதென ஒதுக்கப்பட்ட வண்டியைக் 'கண்டம் செய்யப்பட்டது' என்றே நாளிதழ்களும் எழுதுகின்றன. துண்டு எனப் பொருள்படும் பழைய கண்டம் இதுவன்று. 'கண்டெம்' என்னும் ஆங்கில வினை மக்கள் நாவில் கொண்ட தமிழ் உருவம் இது. அதே வினையைத்தான் மொழிபெயர்ப்பாளர்கள் 'கண்டித்தல்' என்கின்றனர். ஒலி ஒத்திருப்பது தற்செயலே, வேர்கள் வேறு.

'கண்டெம்' இலத்தீன் வழி வந்தது. அதன் அடியிலுள்ள 'டாம்னும்' என்பதற்கு இழப்பு, தண்டத்தொகை என்பன பொருள். தமிழில் 'தண்டம்' என்பதும் தண்டனை, அபராதம், வீண்செலவு மூன்றையும் சுட்டுவது ஒப்புநோக்கத்தக்கது. ஆங்கில வினையைவிட்டு நீதிமன்ற வாடை முற்றிலும் நீங்கியதில்லை. குற்றவாளிக்குத் தூக்குத் தண்டனை விதிப்பதும், பழுதுற்ற கட்டடத்தைக் குடியிருக்கத் தகாததென அறிவிப்பதும், அரசின் செயலைப் பழிப்பதும் அதற்கு ஒரே வினைதான். ஆங்கில விவிலியத்தில் இதன் பெயர்ச்சொல் வடிவம் வருமிடத்தில், தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு 'ஆக்கினைத்தீர்ப்பு' என்கிறது, 'கண்டனம்' என்னவில்லை. அத்தேர்வு நுட்பமானது.

ஏனெனில் கண்டனம் தீர்ப்பன்று, வாதம். துண்டித்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்தது அச்சொல். பிறர் கொள்கையைக் கூறுகூறாகப் பிரித்து மறுப்பதைத் தருக்க நூலார் கண்டனம் என்றனர். 19ஆம் நூற்றாண்டுத் தமிழில் இச்சொல் உச்சத்தில் இருந்தது. 1860களில் மூண்ட அருட்பா மருட்பாப் போரில் ஆறுமுக நாவலர் தரப்பும் வள்ளலார் தரப்பும் மறுப்பு நூல்களை அடுக்கின. அவற்றைத் தேடித் தொகுத்த ப. சரவணன் தம் தொகுப்புக்குக் 'கண்டனத் திரட்டு' என்றே பெயரிட்டார். அந்நூல்களில் வசை மலிந்திருப்பது உண்மை; சில பக்கங்களைக் கூச்சமின்றிப் படிக்க இயலாது. ஆயினும் எதிரியின் சொல்லை எடுத்துக்காட்டி, அது பிழையாவது எவ்வாறென விளக்கும் கடமை கண்டிப்பவருக்கு இருந்தது. இன்று 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்றவுடன் அறிக்கை முடிந்துவிடுகிறது. வினையும் மெலிந்து 'கண்டனம் தெரிவித்தல்' ஆயிற்று. ('கண்டிப்பாக வருகிறேன்' என்பார் வராமலிருப்பது வேறு கதை.)

வள்ளுவர் தேர்ந்த சொல் 'இடித்தல்'. பெரியாரைத் துணைக்கோடல் என்னும் 45ஆம் அதிகாரத்தில் அரசனுக்கு வேண்டியவர் இடித்துரைப்போர். நட்பு என்னும் 79ஆம் அதிகாரத்தில் நண்பனின் கடமையும் அதுவே. எதிரியை எவரும் இடித்துரைப்பதில்லை என்பது கவனிக்கத்தக்கது. அச்சொல்லுக்கு உறவு வேண்டும். சொல்பவர் அருகில் இருக்க வேண்டும். கேட்பவருக்கும் பொறுமை வேண்டும். ஆங்கிலத்தின் 'கண்டெம்' இவற்றுள் ஒன்றையும் வேண்டுவதில்லை. அகராதியில் இரண்டையும் அருகருகே அடுக்கிவிடலாம். வழக்கில் அவை ஒன்றாகா.

இலக்கிய வட்டங்களுக்கு இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. முதன்முறை கவிதை படிக்க வரும் மாணவி எதுகைக்காக ஒரு சொல்லை வலிந்து புகுத்தியிருக்கிறாள் எனக் கொள்வோம். அவை கைதட்டுகிறது. கூட்டம் கலைந்தபின் தேநீர்க் கடையில், 'இது தேறாது' என்கிறார் ஒருவர். வண்டியைக் கண்டம் செய்வது போன்றதே அது. மாணவியோ அதற்குள் வீடு சென்றிருப்பாள். இடித்துரைப்பவர் அந்த ஒரு சொல்லைச் சுட்டிக் காரணத்தோடு அவளிடமே சொல்வார். திருத்திய கவிதையைக் கேட்க அடுத்த கூட்டத்திற்கும் வந்து அமர்ந்திருப்பார்.