மலர் விரித்த வீதிகள்



இத்தாலி நாட்டின் உம்பிரியா மாநிலத்தில், சுபாசியோ மலைச் சரிவில் உள்ள ஸ்பெல்லோ என்னும் சிற்றூருக்கு நாங்கள் சென்றிருந்தோம். இடைக்காலக் கல் வீடுகளும் குறுகிய தெருக்களும் நிறைந்த ஊர் அது. நற்கருணைத் திருநாளுக்கு முந்திய இரவு ஊரார் உறங்குவதில்லை. குழு குழுவாக அமர்ந்து, சுமார் 1.5 கிலோமீட்டர் நீளத்துக்கு மலரிதழ்களால் தெருவெங்கும் ஓவியம் அமைக்கின்றனர். செயற்கைச் சாயம் ஆகாது. பல வாரங்களாகப் பறித்து, ஆய்ந்து, நிறவாரியாகப் பிரித்து வைத்த இதழ்களே வண்ணங்கள்.

காலையில் நற்கருணைப் பவனி அவற்றின்மீதே செல்கிறது, ஓவியங்கள் கலைகின்றன. கலையுமென்று அறிந்தே உழைக்கின்றனர். முதியோரும் சிறுவரும் ஒருங்கே உழைக்கும் அப்பழக்கம் மட்டும் அடுத்த ஆண்டுக்கும் எஞ்சுகிறது. அதுவே ஊரின் முதற் செல்வம் என உணர்ந்து திரும்பினோம்.