கற்கும் கடன், கற்பிக்கும் கடன்



குடியேறி வருகிறவர் அந்த நாட்டின் பொதுமொழியைக் கட்டாயம் கற்க வேண்டுமா என்பது நம் கருத்தரங்கின் பொருள். தலைமை வகிப்பவர் இரு தரப்பையும் வாழ்த்திவிட்டு அமர்வது வழக்கம். நான் ஒரு பக்கம் சாய்ந்தே பேசப் போகிறேன். என்னை மறுக்க உங்களுக்கு இரண்டு நாள் இருக்கிறது. கற்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அந்தக் கட்டாயம் முதலில் அரசின் மேல் விழ வேண்டும். கற்பதற்கு நேரமும் இடமும் ஆசிரியரும் தராத அரசுக்கு, ஏன் கற்கவில்லை என்று கேட்க வாயில்லை. உலகம் முழுவதையும் வலம் வராமல், பெரும்பாலும் ஜெர்மனியை வைத்தே இதைச் சொல்கிறேன். இந்த விஷயத்தில் செய்யக்கூடிய தவறுகளில் பெரும்பாலானவற்றைச் செய்து, சிலவற்றைத் திருத்தியும் கொண்ட நாடு அது.

அதற்கு முன் ஒரு சொல். தமிழர் கூடிய அவையில் மொழிக் கட்டாயம் என்றதும் 1956 நினைவுக்கு வராமல் போகாது. சிங்களமே ஆட்சிமொழி என்று அந்த ஆண்டு இலங்கையில் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் தம் மொழியோடு வாழ்ந்தவர்கள், அரசு வேலையில் நிலைக்க வேண்டுமானால் இன்னொரு மொழியில் தேற வேண்டும் என்ற நிலை வந்தது. நாம் இங்கே பேசப் போவது அதைப் பற்றி அன்று. கனடாவின் அரசியல் தத்துவ அறிஞர் வில் கிம்லிக்கா 1995இல் வெளியிட்ட நூலில், சொந்த நிலத்தில் வாழும் தேசியச் சிறுபான்மையையும் விரும்பிப் பெயர்ந்து வந்தவரையும் வெவ்வேறாக வைத்து, இருவருக்கும் உரிய மொழி உரிமைகளும் வேறு என்கிறார். அகதி இந்த இரண்டு பெட்டியிலும் சரியாக அடங்குவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். 1956இல் தொடங்கிய கதையின் தொடர்ச்சியாக ஐரோப்பாவுக்குப் போன ஈழத்தமிழர் அந்த அடங்காத இடத்தில்தான் நிற்கிறார்கள். அவர்களிடம் பிறகு வருகிறேன்.

மேற்கு ஜெர்மனி 1955இல் இத்தாலியோடும் 1961இல் துருக்கியோடும் ஆள் சேர்க்கும் ஒப்பந்தங்கள் செய்தது. 1964 செப்டம்பர் 10 அன்று கொலோன் டாய்ட்ஸ் ரயில் நிலையத்தில் வந்திறங்கிய ஒரு போர்ச்சுகல் தச்சரை, பத்து லட்சமாவது விருந்தினர் தொழிலாளி என்று அறிவித்து, பூச்செண்டும் ஒரு மோப்பெட் வண்டியும் கொடுத்து வரவேற்றார்கள். அந்த வண்டி இன்று பான் நகரத்து வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரவேற்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பத்து லட்சம் பேரில் யாரும் தங்கப் போவதாக அரசு நினைக்கவில்லை. துருக்கியோடு செய்த முதல் ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டு வரம்பே இருந்தது. பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளைப் பழக்குவது நட்டம் என்று முதலாளிகள் முணுமுணுத்ததால் 1964இல் அந்த வரம்பு போயிற்று. தொழிலாளி தங்கினார், குடும்பம் வந்தது, பிள்ளைகள் பிறந்தன. 1973 நவம்பரில் ஆள் சேர்ப்பையே நிறுத்தினார்கள், வந்தவர்கள் இருந்தார்கள்.

இத்தனை காலமும் அந்தத் தொழிலாளி எங்கே ஜெர்மன் கற்றிருப்பார்? ஆலையில் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். விடுதியில் சொந்த ஊர்க்காரர்கள் இருந்தார்கள். மாற்றுமுறை வேலை முடிந்து வந்தால் தூக்கம். அங்கங்கே தன்னார்வலர்களும் மக்கள் கல்வி நிலையங்களும் மாலை வகுப்பு நடத்தியது உண்மை. தொண்டு அமைப்புகளுக்கு அரசு கொஞ்சம் பணம் தந்ததும் உண்மை. ஆனால் எனக்கு வகுப்பு கொடு என்று உரிமையோடு கேட்கும்படி ஒரு சட்டம் வர 2005 ஆனது. அதே ஆண்டுகளில் ஜெர்மானிய வம்சாவளியினர் என்று கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களுக்கு அரசுச் செலவில் மொழி வகுப்பு கிடைத்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கற்பிக்கத் தெரியாமல் போகவில்லை. யார் தங்குவார் என்ற கணிப்புத்தான் வகுப்பறையின் வாசலைத் திறந்தது, அடைத்தது.

அதே காலத்தில் சுவீடன் வேறு கணக்குப் போட்டது. 1973இல் நடைமுறைக்கு வந்த சட்டம், குடியேறிய தொழிலாளி சுவீடிஷ் கற்க 240 மணி நேரம் ஊதியத்தோடு விடுப்புப் பெறலாம் என்றது. செலவு முதலாளி தலையில். தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்றது அது. புதிதாக வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளிகள் தயங்கினார்கள் என்ற குறையும் அந்தச் சட்டத்தின் மேல் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் மொழி கற்பது என்பது ஒருவர் வாழ்நாளிலிருந்து பல நூறு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும் உழைப்பு என்பதையும், அந்த மணிகளுக்கு யாராவது விலை தர வேண்டும் என்பதையும் ஒப்புக்கொண்ட சட்டம் அதைப் போல வேறு அதிகம் இல்லை.

2005இல் ஜெர்மனி ஏற்படுத்திய ஒருங்கிணைப்புப் பாடநெறியை நான் பெரிதும் மதிக்கிறேன். மொழிக்கு 600 பாடவேளை, ஒவ்வொன்றும் 45 நிமிடம். நாட்டின் சட்டமும் வரலாறும் சொல்லும் பகுதி 30 பாடவேளையில் தொடங்கி இப்போது 100 ஆகியிருக்கிறது. எழுத்தே அறியாதவருக்கு மொழிப் பாடம் 900 வரை நீளும். இலக்கு பி1 நிலை: கடையில், அலுவலகத்தில், பிள்ளையின் பள்ளியில் தன் காரியத்தைத் தானே பேசி முடிக்கும் அளவு. சிலருக்கு இது உரிமை, சிலருக்குக் கட்டாயம். கட்டாயப்பட்டவர் வராவிட்டால் உதவித்தொகையில் கை வைப்பார்கள். படித்த எல்லோரும் பி1 எட்டுவதில்லை. கணிசமானோர் அதற்கு ஒரு படி கீழான ஏ2 நிலையிலேயே நின்றுவிடுகிறார்கள். பள்ளி வாசலை மிதிக்காத ஐம்பது வயதுக்காரரையும் பல்கலைக்கழகப் பட்டதாரியையும் ஒரே தேர்வால் அளந்தால் வேறென்ன நடக்கும்?

கட்டாயத்தை எதிர்க்கும் நண்பர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. கட்டாயம் என்றாலே ஒடுக்குமுறை என்று கொள்வது எளிது. வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம், மொழி படித்து என்ன ஆகப் போகிறது என்று கணவரும் மாமியாரும் சொல்லும் வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பெண்ணுக்கு, 'நான் போக விரும்புகிறேன்' என்பதைவிட 'போகாவிட்டால் ஆபீஸில் பணத்தைப் பிடிப்பார்கள்' என்பது பல நேரம் வலுவான வாதம். அரசின் கடிதம் அவர் கையில் ஒரு சாவியாகிவிடுகிறது. கூடவே குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கடிதம் அவருக்கு இன்னொரு தண்டனை. அம்மாவுக்கு மொழி தெரியாத வீட்டில் பத்து வயதுப் பிள்ளை மருத்துவரிடம் அம்மாவின் மாதவிலக்குக் கோளாற்றை மொழிபெயர்க்க நேர்கிறது. அதை நினைத்தால் கற்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் 2007இல் ஜெர்மனி எடுத்த இன்னொரு முடிவு எனக்கு உடன்பாடில்லை. கணவரோடு சேர வருகிற மனைவி, மனைவியோடு சேர வருகிற கணவர், விசாவுக்கு முன்பே சொந்த நாட்டில் தொடக்க நிலையான ஏ1 தேர்வு எழுதித் தேற வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. நம் சென்னையிலேயே ஜெர்மன் கற்பிக்கும் மாக்ஸ் முல்லர் பவனில் அந்தத் தேர்வு நடக்கிறது. நூற்றுக்கு அறுபது வேண்டும். சென்னையில் இருப்பவருக்கு அது பேருந்துப் பயணம். அரியலூர்க் கிராமத்திலிருந்து வரும் புதுமணப்பெண்ணுக்கு மாதக்கணக்கில் விடுதி வாடகை. அமெரிக்கா, ஜப்பான், கனடா, ஆஸ்திரேலியா போன்ற சில நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரின் துணைக்கோ இந்தத் தேர்வே கிடையாது. டோக்கியோக்காரரின் மனைவி ஜெர்மன் தெரியாமலே போகலாம் என்றால், மொழிதான் அளவுகோல் என்று எப்படி நம்புவது?

துருக்கியக் கிராமத்துப் பெண் ஒருவரின் வழக்கு இதைவிடத் துலக்கமானது. எழுதப் படிக்கத் தெரியாத அவர் ஏ1 சான்றிதழோடு தூதரகத்துக்குப் போனார். எழுத்தறிவில்லாதவர் விடைகளை மனப்பாடம் செய்தும் குத்துமதிப்பாகக் குறியிட்டும் தேறிவிட்டார் என்று விசா மறுத்தார்கள். தேறாவிட்டாலும் வரக்கூடாது, தேறினாலும் வரக்கூடாது. துருக்கியோடு முன்பு செய்த உடன்படிக்கைக்கு இந்த நிபந்தனை முரணானது என்று 2014 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வாசலில் வைக்கும் மொழித் தேர்வு எங்கே போய் முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியா பழைய சாட்சி. 1901 சட்டம் வந்தவருக்கு 50 சொல் கொண்ட பத்தியை ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் சொல்லி எழுதச் சொன்னது. எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். 1934இல் எகோன் கிஷ் என்ற எழுத்தாளர் வந்தபோது, பல ஐரோப்பிய மொழிகள் அறிந்த அவருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். கேலிக் அந்தச் சட்டத்தின் பொருளில் ஐரோப்பிய மொழியே அல்ல என்று உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. 1958இல்தான் அந்தத் தேர்வு ஒழிந்தது. ஆனால் வேலைக்காக வரும் செவிலியருக்கு வைக்கும் மொழித் தேர்வை நான் இதோடு சேர்க்கவில்லை. நோயாளி எங்கே வலிக்கிறது என்று சொல்வது செவிலியருக்குப் புரிந்தாக வேண்டும். அது தொழிலின் தேவை.

இனி நம்மவர். 1980களில் கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி மேற்கு பெர்லினுக்குள் புகுந்த ஈழத்து இளைஞர்கள் புகலிடம் கேட்டுக் காத்திருந்த ஆண்டுகளில், ஒதுக்கிய மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. வேலை செய்யவும் தடைகள். உணவகங்களில் கோப்பை கழுவியபடி, சமையற்கட்டுச் சத்தத்திலிருந்து அவர்கள் பொறுக்கிச் சேர்த்த மொழியைத்தான் அவர்கள் வழக்கில் 'டொச்' என்கிறார்கள். வழக்கு முடியாத புகலிடக் கோரிக்கையாளருக்கு 2015 அக்டோபர் வரை ஒருங்கிணைப்புப் பாடநெறியில் இடமில்லை. அப்போது திறந்ததும் அனுமதி கிடைக்க நல்ல வாய்ப்புள்ள சில நாட்டவருக்கு மட்டும். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. படிக்கத் தடை போட்ட அதே ஆண்டுகளை, பின்னர் 'இத்தனை காலம் இருந்தும் பேச வரவில்லையே' என்று அவர்கள் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்? இவ்வளவுக்கும் நடுவில், வார இறுதித் தமிழாலயங்களில் பிள்ளைகளுக்குத் தமிழும் சொல்லிக் கொடுத்தார்கள். வந்த நாட்டு மொழியைக் கற்றால் தாய்மொழி போய்விடும் என்ற அச்சத்துக்கு அந்த வகுப்புகளே பதில்.

2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த ஜெர்மானியக் குடியுரிமைச் சட்டத்தில் ஒரு சிறு பிரிவு இருக்கிறது. 1974 ஜூன் 30 வரை வந்த விருந்தினர் தொழிலாளர்கள் எழுத்துத் தேர்வு எழுத வேண்டாம். அன்றாடம் பேசிச் சமாளிக்க முடிந்தால் குடியுரிமை உண்டு. வகுப்பு கொடுக்காத தலைமுறையிடம் சான்றிதழ் கேட்பதில்லை என்று அரசு கடைசியில் ஒப்புக்கொண்டிருக்கிறது. 1964இல் இருபது வயதில் வந்தவருக்கு அப்போது எண்பது.

இந்த இரண்டு நாளில் எனக்குக் கேட்க ஆசையாக இருப்பது இதுதான்: ஏ2வில் நின்றுபோனவர்கள் அதற்குப் பிறகு எங்கே, யாரிடம், எப்படிக் கற்கிறார்கள்? தேர்வு முடிவுகளை ஆராய்ந்த அளவுக்கு இதை நாம் ஆராயவில்லை. நேர்காணல் எடுத்தவர்கள் அவர்கள் பேச்சை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். சுருக்கிச் சொல்ல வேண்டாம். ஆளுக்கு இருபது நிமிடம். வரையறைக்கே பத்து நிமிடம் செலவழிப்பவர்கள் மீது மணி அடிக்கும் அதிகாரம் எனக்கு உண்டு. முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.