ராய் கால்னின் சிறுநீரக ஆய்வுகள்

ஒருவரின் சிறுநீரகத்தை இன்னொருவர் உடலில் பொருத்துவதில் அறுவைக் கத்தி சார்ந்த சிக்கல் முதலிலேயே பெருமளவு தீர்ந்துவிட்டது. இரத்தக் குழாய்களை முனையோடு முனை வைத்துத் தைக்கும் முறையை அலெக்சிஸ் கேரல் 1902இல் வெளியிட்டார். அப்படித் தைத்த சிறுநீரகம் சிறுநீரைப் பிரிக்கவும் செய்தது. ஆனால் சில நாட்களில் வீங்கிச் செயலிழந்தது. அயல் திசுவை உடலின் எதிர்ப்பாற்றல் இனம்கண்டு அழிக்கிறது என்பதைத் தோல் ஒட்டு ஆய்வுகள் மூலம் பீட்டர் மெடவார் 1940களில் நிறுவினார். 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மர்ரே பொருத்திய சிறுநீரகம் நிலைத்ததற்கும் அதுவே விளக்கம்: கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர். இரட்டையர் இல்லாத நோயாளிகளுக்கு அந்த வெற்றியால் பயனில்லை.

அவர்களுக்கு வழி தேடியவர்களில் முதன்மையானவர் பிரிட்டனைச் சேர்ந்த ராய் கால்ன். 1930இல் பிறந்தவர். லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் மாணவராக இருந்தபோது, சிறுநீரகம் பழுதான ஓர் இளைஞர் இரண்டு வாரங்களில் இறந்துவிடுவார், செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மூத்த மருத்துவர் சொன்னதைக் கேட்டு, வேறு சிறுநீரகம் ஏன் பொருத்தக்கூடாது என்று கேட்டவர் அவர்.

அந்நாளில் எதிர்ப்பாற்றலை அடக்க எக்ஸ் கதிரை உடல் முழுவதும் செலுத்திப் பார்த்தார்கள். அது பெரும்பாலும் நோயாளியையே கொன்றது. இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்பட்ட 6-மெர்காப்டோபியூரின் என்ற மருந்து முயல்களில் எதிர்ப்பாற்றலைத் தணிப்பதாக 1959இல் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கால்ன் அதே மருந்தை, சிறுநீரகம் மாற்றிய நாய்களுக்குக் கொடுத்தார். வழக்கமாகச் சில நாட்களில் அழியும் உறுப்பு வாரக்கணக்கில் வேலை செய்தது. 1960இல் ‘லான்செட்’ இதழில் வெளியான அந்தச் சிறு கட்டுரை, நிராகரிப்பை மாத்திரையால் தடுக்க முடியும் என்று காட்டியது.

அடுத்து பாஸ்டனுக்குச் சென்று மர்ரேயுடன் சேர்ந்தார். ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் கெர்ட்ரூட் எலியனும் உருவாக்கிய மருந்துகளை ஒவ்வொன்றாகச் சோதித்ததில் அசதயோப்ரின் தேறியது. மர்ரே 1962இல் அதைப் பயன்படுத்தி, இறந்த ஒருவரிடமிருந்து எடுத்துப் பொருத்திய சிறுநீரகம் ஓராண்டுக்கு மேல் இயங்கியது. பின்னர் ஸ்டீராய்டும் சேர்ந்தது. அந்தக் கூட்டு மருந்துதான் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உலகெங்கும் வழக்கில் இருந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்ததும் அந்தக் காலகட்டத்தில்தான். இருந்தும் கணிசமான உறுப்புகள் முதல் ஆண்டிலேயே பறிபோயின. ஸ்டீராய்டின் அதிக அளவு எலும்பையும் தோலையும் கெடுத்தது, தொற்றுக்கும் இடம் கொடுத்தது.

1976இல் சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் ஜான் போரெல், பூஞ்சை ஒன்றிலிருந்து கிடைத்த சைக்ளோஸ்போரின் எதிர்ப்பாற்றலை அடக்குவதாக எழுதினார். கேம்பிரிட்ஜில் பேராசிரியராகிவிட்ட கால்னின் குழு அதைச் சோதித்தது. நீரில் கரையாத அந்தப் பொருளை ஆலிவ் எண்ணெயில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளில் மாற்றிய இதயமும் நாய்களில் மாற்றிய சிறுநீரகமும் எதிர்பார்த்ததைவிட வெகுகாலம் நிலைத்தன.

1978இல் வந்த ‘லான்செட்’ கட்டுரையில் இருந்தவர்கள் ஏழே நோயாளிகள். எல்லோருக்கும் பொருத்தியவை திசுப் பொருத்தமில்லாத, இறந்தவர்களின் சிறுநீரகங்கள். ஐந்து பேர் இயங்கும் சிறுநீரகத்தோடு வீடு திரும்பினார்கள். ஒருவருக்குத் தொற்றால் உறுப்பை அகற்ற நேர்ந்தது. ஒருவர் பூஞ்சைத் தொற்றால் இறந்தார். கால்னின் எழுத்துகளில் இதற்கே முதலிடம் தரலாம். காரணம் வெற்றி மட்டுமல்ல. நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தே சிறுநீரகத்தையும் ஈரலையும் நஞ்சாகத் தாக்குகிறது என்று அந்தக் கட்டுரை ஒளிக்காமல் எழுதியது. விலங்குகளிடம் அவ்வளவாகத் தெரியாத தீங்கு அது. காப்பாற்ற வேண்டிய உறுப்பையே காக்கும் மருந்து கெடுத்தால், குறையும் சிறுநீர் நிராகரிப்பின் அறிகுறியா, மருந்தின் விளைவா என்று எப்படிப் பிரித்தறிவது? மருத்துவர்களைப் பல ஆண்டுகள் அலைக்கழித்த கேள்வி இது.

அடுத்த ஆண்டு, சிறுநீரகமோ வேறு உறுப்போ பெற்ற 34 பேரைப் பற்றிய கட்டுரை வந்தது. பொருத்திய 32 சிறுநீரகங்களில் 26 இயங்கிக்கொண்டிருந்தன. சிலருக்கு நிணநீர்ப் புற்று தோன்றியதும் அதில் பதிவானது. அளவு மிகுந்ததும், வேறு அடக்கு மருந்துகளைச் சேர்த்ததுமே ஆபத்து என்று புரிந்தபின் அளவைக் குறைத்து, இரத்தத்தில் மருந்தின் செறிவை அளந்து கொடுக்கும் வழக்கம் வந்தது. ஐரோப்பிய மருத்துவமனைகள் பல சேர்ந்து நடத்திய ஒப்பீட்டில், ஓராண்டு முடிவில் சைக்ளோஸ்போரின் பெற்றவர்களின் சிறுநீரகங்களில் 72 விழுக்காடு இயங்கின. பழைய முறையில் 52 விழுக்காடு.

சைக்ளோஸ்போரினின் நஞ்சை எப்படிக் குறைப்பது என்பதே கால்னின் பிந்தைய கட்டுரைகளின் அக்கறை. 1989இல் ராபமைசின் என்ற இன்னொரு அடக்கு மருந்து பற்றி எழுதினார். 1998இல், அறுவையின்போது கேம்பாத் என்ற எதிர்ப்பொருளைக் கொடுத்து, பிறகு ஸ்டீராய்டு இல்லாமல் குறைந்த அளவு சைக்ளோஸ்போரினோடு நோயாளிகளைப் பராமரிக்கலாம் என்று காட்டினார். மருந்தே தேவைப்படாத நிலையை அவர் கோரவில்லை. சிறிதளவு மருந்து போதும் என்ற நிலையே அவர் முன்வைத்தது. 2012இல் தாமஸ் ஸ்டார்ஸலோடு லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்ட கால்ன், 2024 ஜனவரியில் தமது 93ஆம் வயதில் காலமானார்.