மாதம் தவறினால் மறைக்காதீர்கள்

(பூச்சோங் மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பெண்கள் சங்கதி பேச ஆண்களை ஏன் அழைத்தீர்கள்?" என்று முன்வரிசையில் ஒரு பாட்டி கேட்டார். கலியாணமாகி ஈராண்டில் பிள்ளையில்லையென்றால் மருமகளை ஏசுவதில் ஆண்களும் பங்கு கொள்கிறார்களே, பாட்டி! அதனால்தான் அழைத்தோம்.

சில பெண்களுக்கு வீட்டுக்குத் தூரமாவது மூன்று மாதம், நான்கு மாதம் தள்ளிப்போகும். மோவாயில் ரோமம் வளரும். முகப்பரு ஆறாது. இதை டாக்டர்கள் 'பி.சி.ஓ.எஸ்.' என்கிறார்கள், சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் சொல்கிறோம். 1935-இல் சிகாகோவில் ஸ்டைன், லெவெந்தால் என்ற இரு டாக்டர்கள் ஏழு பெண்களிடம் கண்டு இதை எழுதினார்கள்.

கட்டி என்றதும் நடுங்க வேண்டாம். முதிர்ந்து வெளியேற வேண்டிய முட்டை பாதியில் நின்றுவிடுகிறது. அப்படி நின்ற சிறு முட்டைப்பைகள்தாம் ஸ்கேன் படத்தில் கட்டிபோல் தெரிகின்றன. புற்றுநோயல்ல.

ஏன் நிற்கிறது? பலருக்கு உடம்பு இன்சுலினின் சொல்லைக் கேட்பதில்லை. அதனால் இன்சுலின் மேலும் மேலும் சுரக்கிறது. அது சினைப்பையைத் தூண்டி, ஆண்களிடம் மிகுந்திருக்கும் ஹார்மோனை அதிகமாக்குகிறது. முட்டை முதிர்வது தடைப்படுகிறது. ஆக, இது நீரிழிவுக்குப் பக்கத்து வீடு. 2023-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் நம்மவருக்கே அதிகம். பிள்ளை வேண்டாதவளும் இரத்தத்தில் சீனியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் பாட்டிமார் இருட்டோடு பெரட்டுக்குப் போய், நிரை நிரையாக நடந்து, பால்வாளி சுமந்தவர்கள். காசல்பீல்டும் கின்ராராவும் இன்று தமிழ்ப்பள்ளிப் பெயர்களாக நிற்கின்றன. பேத்தி நாள் முழுதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறாள். சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை. கெட்டிப்பால் தேநீரும் அப்படியே. தினம் அரைமணி வேகமாக நடந்து, சோற்றைக் குறைத்துக் காய்கறி, பருப்பு, மீனைக் கூட்டினால் பலன் உண்டு. எடை மிகுந்தவர் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே பலருக்கு மாதம் திரும்புகிறது. ஆனால் ஒல்லியானவளுக்கும் இந்நோய் வரும், குடும்ப வழியாகவும் வரும். சோம்பேறி என்று எவரும் பட்டம் கட்ட வேண்டாம்!

மாதக்கணக்கில் நின்றால் கருப்பையின் உள்தோல் தடிக்கும். ஆண்டுக்கணக்கில் விட்டால் அங்கே புற்றுநோய் அபாயம் கூடும். மந்திரித்த கயிறு கட்டிக் காத்திருக்கும் காலம் இதுவல்ல. (வயதுக்கு வந்த முதல் ஆண்டில் தவறுவது இயல்பு.) தைராய்டுக் கோளாறும் இதேபோல் காட்டும், ஆகவே இரத்தப் பரிசோதனை வேண்டும். மாதத்தை ஒழுங்காக்க மாத்திரை உண்டு. இன்சுலினுக்கு மெட்பார்மின், முட்டை வெளிவர லெட்ரோசோல். டாக்டர் பார்த்துத் தருவார். சிகிச்சையோடு பலர் தாயாகிறார்கள். கணவரும் விந்துப் பரிசோதனைக்குப் போக வேண்டும், தோழர்களே. அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

வேலை போய்விடுமோ என்று அஞ்சும் சகோதரிகளுக்கு: டாக்டர் ஓய்வு எழுதிக்கொடுத்தால், ஈராண்டு சேவை முடியாதவருக்கும் ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பைத் தொழில் சட்டம் தருகிறது.

இன்று முதல் நாள்காட்டியில் தேதியைச் சிவப்பு மசியால் குறித்து வையுங்கள். மூன்று மாதத் தாளைக் கிழித்து அரசாங்கக் கிளினிக்குக்கு எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அந்தத் தேதிகளைத்தான். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளி.