எச்சரிக்கை யார் கைக்கு வந்தது?

(கட்டுகஸ்தோட்டையில் நடந்த தோட்டத் தலைவர்கள், தலைவிமார் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, பன்விலை, மடுல்கலை, ரங்கலைப் பக்கங்களிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். வழக்கமாக இந்த மாதிரிக் கூட்டங்களில் சம்பளத்தைப் பேசுவோம், கொழுந்து நிறுவையைப் பேசுவோம், லயத்துக் கூரையைப் பேசுவோம். இன்றைக்கு நாம் பேச வந்தது தேசிய பாதுகாப்பு. அது கொழும்பில் இருக்கிற பெரிய மனிதர்களின் விஷயம், நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். நம் உயிரோடு இதைவிட நெருக்கமான விஷயம் வேறில்லை என்பதே எங்கள் கருத்து.

பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது சோதனைச் சாவடி. அடையாள அட்டையைக் காட்டு, எந்த ஊர், எதற்கு வந்தாய் என்ற கேள்விகள். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன நம் பிள்ளைகள் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்தவர்கள். அந்தக் காலமெல்லாம் அரசாங்கம் நம்மைக் கேள்வி கேட்டது. பாதுகாப்பு விஷயத்தில் அரசாங்கத்தைக் கேள்வி கேட்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அது பாராளுமன்றம்.

அரசியலமைப்பின் 155ஆம் உறுப்புரை என்ன சொல்கிறது? ஜனாதிபதி அவசரகால நிலையைப் பிரகடனம் செய்யலாம். 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதிகளைப் போடலாம். அந்த விதிகள் அரசியலமைப்பைத் தவிர நாட்டின் எந்தச் சட்டத்தையும் மீறி நிற்கும். தொழிலாளர் சட்டமும் அதில் அடக்கம். இவ்வளவு பெரிய அதிகாரத்துக்கு ஒரு கடிவாளம் வைத்திருக்கிறார்கள். பிரகடனத்தை உடனே பாராளுமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். 14 நாட்களுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்காவிட்டால் அது செல்லாது. அங்கீகரித்தாலும் ஒரு மாதம்தான். நீடிக்க வேண்டுமென்றால் மறுபடி பிரகடனம், மறுபடி வாக்கெடுப்பு.

இந்தக் கடிவாளம் வேலை செய்ததை நாம் கண்ணால் பார்த்தோம். 2022 ஏப்ரல் 1ஆம் திகதி, எரிபொருளும் பால்மாவும் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற நேரத்தில், அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. 5ஆம் திகதி பாராளுமன்றம் கூடியபோது ஆளுந்தரப்பில் ஒரு பகுதி விலகி நின்றது. அன்றிரவே பிரகடனம் திரும்பப் பெறப்பட்டது. மே 6ஆம் திகதி மறுபடி ஒன்று வந்தது. அது அங்கீகாரத்துக்கு வராமலே காலாவதியாகிப் போனது.

கடிவாளம் தளர்ந்ததையும் பார்த்தோம். அதே வருடம் ஜூலையில் வந்த பிரகடனத்தை பாராளுமன்றம் 120க்கு 63 என்ற வாக்குகளால் அங்கீகரித்தது. அந்தப் பிரகடனம் அடிப்படை உரிமைகளை மீறியது என்று 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. மூன்று வருடம் கழித்து நீதிமன்றம் சொன்னதை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய இடம் பாராளுமன்றம். கையை உயர்த்துவது மட்டும் கண்காணிப்பு ஆகாது. ஏன் இது தேவை, எந்த விதி எதற்கு, எப்போது முடியும் என்று கேட்பதுதான் கண்காணிப்பு.

தோழர்களே, கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2019 ஏப்ரல் 21ஐ விடப் பெரிய சாட்சி வேண்டாம். உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். பிறகு பாராளுமன்றம் ஒரு தெரிவுக்குழுவை அமைத்தது. பிரதிச் சபாநாயகர் ஆனந்த குமாரசிறி தலைமை வகித்தார். சாட்சியங்களை ஊடகங்களுக்கு முன்னால் கேட்டார்கள். புலனாய்வுத் தலைவர்கள், பொலிஸ் உயரதிகாரிகள், அமைச்சர்கள் எல்லாரும் பதில் சொன்னார்கள். நாம் வீட்டிலிருந்தே தொலைக்காட்சியில் பார்த்தோம். தாக்குதல் பற்றிய தகவல் ஏப்ரல் 4ஆம் திகதியே அரச புலனாய்வுச் சேவைக்கு வந்துவிட்டது என்பது அப்போது வெளியே வந்தது. பாதுகாப்புச் சபை ஒழுங்காகக் கூடவில்லை என்பதும், பிரதமரும் பொலிஸ் மா அதிபரும் அதற்கு அழைக்கப்படாமல் இருந்தார்கள் என்பதும் வெளியே வந்தது. குழு அக்டோபரில் அறிக்கை வைத்தது.

அந்த விசாரணை நல்ல வேலை. மறுப்பதற்கில்லை. ஆனால் அது சவ அடக்கத்துக்குப் பிறகு நடந்த வேலை. பாதுகாப்புச் சபை மாதக்கணக்கில் எப்படிக் கூடுகிறது, யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று முன்பே யாராவது விடாமல் கேட்டிருந்தால்? தகவல் வந்த நாளுக்கும் குண்டு வெடித்த நாளுக்கும் இடையில் 17 நாட்கள் இருந்தன.

இப்போது நம் மலைக்கு வருவோம். அங்கேயும் கதை அதேதான். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. ஒன்பது வருடம் அந்தத் தாள் எந்தெந்த மேசையில் கிடந்தது? தோட்ட நிர்வாகமா, பிரதேச செயலகமா, அமைச்சா? யார் கையில் நின்றது என்று பாராளுமன்றத்தில் வருடா வருடம் கேட்டிருந்தால், அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு வளர்ந்து வேலைக்குப் போயிருப்பார்கள்.

ஏப்ரல் 4ஆம் திகதித் தகவலும் மீரியபெத்த அறிக்கையும் ஒரே சாதி. இரண்டிலும் எச்சரிக்கை வந்தது. ஆபத்தில் இருந்தவனிடம் அது வந்து சேரவில்லை.

2025 நவம்பர் கடைசியில் வந்த தித்வா புயலை நாம் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இந்தப் பாலத்துக்குக் கீழே ஓடுகிற மகாவலி கம்பளையில் என்ன செய்தது என்று நீங்கள் அறிவீர்கள். நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதிகமான உயிர்களை இழந்தது நம் கண்டி மாவட்டம். நவம்பர் 28ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. முன்னெச்சரிக்கை போதுமானதாக இருந்ததா என்ற கேள்வி பாராளுமன்றத்திலும் எழுந்தது. அந்தக் கேள்வி ஆளுங்கட்சி, எதிர்க்கட்சிச் சண்டையோடு முடிந்துவிடக் கூடாது. நிவாரணப் பொதி தீர்ந்ததும் அதுவும் தீர்ந்துவிடக் கூடாது.

இதைக் கேட்கும் உரிமை நமக்குச் சும்மா வரவில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் மலைநாட்டிலிருந்து 7 பேரை அனுப்பியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமையைப் பறித்தது. அடுத்து வாக்கும் போனது. நம் வாக்கால் ஒரு உறுப்பினரை மறுபடி அனுப்ப 1977 வரை காத்திருந்தோம். 1953, 1958, 1971 என்று அவசரகாலச் சட்டங்கள் வந்து போனபோதெல்லாம் வாக்கெடுப்பில் நம் வாக்கால் போன கை இல்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்று வந்தது, 1982இல் நிரந்தரமானது. 2003இல்தான் பிரஜாவுரிமைப் பிரச்சினைக்குச் சட்டத்தில் முடிவு கிடைத்தது. இத்தனை பாடுபட்டு வாங்கிய வாக்கை ஐந்து வருடத்துக்கு ஒருநாள் மட்டும் பாவிப்பது நியாயமா?

ஆகவே, தலைவர்மாரே, நாம் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, நம் உறுப்பினர்களுக்குக் கேள்வியை நாம் எழுதிக் கொடுப்போம். பாராளுமன்றத்தில் அமைச்சரிடம் வாய்மூல விடை கேட்க எந்த உறுப்பினருக்கும் வழி உண்டு. “கண்டி மாவட்டத்தில் ஆபத்து என்று அடையாளம் காணப்பட்ட லயங்கள் எத்தனை? அவற்றில் எத்தனை குடும்பங்கள் மாற்றப்பட்டன? மீதியானவர்களுக்கு எந்தத் திகதிக்குள்?” இப்படித் தொகையும் திகதியும் கேட்டால் அமைச்சரும் தொகையும் திகதியும் சொல்லியாக வேண்டும். “நடவடிக்கை எடுக்கப்படுகிறது” என்று சொல்லி உட்கார முடியாது.

இரண்டாவது, அனர்த்த முகாமைத்துவ நிலையம் இன்று பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருக்கிறது. வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதத்தில் அந்த அமைச்சின் செலவைப் பேசும் நாளில், மலைநாட்டு உறுப்பினர் ஒவ்வொருவரும் லயத்தைப் பற்றிப் பேச வேண்டும். அன்றைக்கு சபையில் இருந்தார்களா, என்ன பேசினார்கள் என்று ஹன்சாட்டில் பார்ப்போம். பார்த்து இந்தப் பத்திரிகையில் போடுவோம்.

மூன்றாவது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். உங்கள் தோட்டத்தைப் பற்றிய மண்சரிவு அறிக்கையின் பிரதியைக் கேட்டு விண்ணப்பியுங்கள். ஏன் கேட்கிறாய் என்று யாரும் கேட்க முடியாது. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். பதில் வராவிட்டால், உறுப்பினர் ஒருவர் மூலம் பாராளுமன்றத்தின் பொதுமனுக்கள் பற்றிய குழுவுக்குப் போவோம்.

நான்காவது, நம் வீட்டு வேலை. மண்சரிவு எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் விழிப்பாக இரு. செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாகு. சிவப்பு என்றால் உடனே வெளியேறு. 117 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி வைக்க வேண்டும். எச்சரிக்கை எந்தத் திகதி, எத்தனை மணிக்கு, எந்த மொழியில், யார் மூலம் வந்தது, எந்தக் கட்டிடத்துக்குப் போகச் சொன்னார்கள், அது திறந்திருந்ததா? இதை எழுதுங்கள். வராவிட்டால் வரவில்லை என்றும் எழுதுங்கள். பாராளுமன்றத்தில் எழுந்து பேசுகிறவருக்கு அந்தக் கொப்பியை விடப் பெரிய ஆயுதம் கிடையாது.

சிவப்பு எச்சரிக்கை நாளில் பேர் போட வேண்டுமே என்று மலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நாளுக்குச் சம்பளம் உண்டு என்ற உத்தரவாதத்தை நிர்வாகங்களிடமும் அரசாங்கத்திடமும் சங்கம் கேட்கும். வயிற்றுக்கும் உயிருக்கும் நடுவில் தொழிலாளியை நிறுத்திவிட்டு எச்சரிக்கை கொடுத்தோம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அடுத்த மழைக்கு முன் முதல் கேள்விகள் போக வேண்டும். கொப்பியைத் திறந்துவிட்டோம் என்ற செய்தியை இந்த மாதக் கடைசிக்குள் ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் எதிர்பார்க்கிறோம்.