சிறுத்தைக்கும் காவல் மக்களே

(திருப்பதியில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் தமிழாக்கச் சுருக்கம்)



2023 ஆகஸ்டில் திருமலைக்குச் செல்லும் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் ஒரு சிறுவன் தாக்கப்பட்டு உயிர் தப்பினான். அதன்பின் கூண்டுகள் வைத்துச் சிறுத்தைகள் பிடிக்கப்பட்டன. பக்தர்களுக்குக் கைத்தடி வழங்கப்பட்டது. ஆனால், பாதையோரம் வீசப்படும் உணவுக் கழிவு பன்றியையும் நாயையும் ஈர்க்கிறது. அவற்றைத் தேடிச் சிறுத்தை வருகிறது. ஆபத்தை முதலில் அறிபவர்கள் அங்குள்ள துப்புரவுத் தொழிலாளரும் சிறுவணிகருமே. பாதுகாப்புத் திட்டத்தில் அவர்களது குரல் ஒலிக்க வேண்டும்.

இதே சேஷாசலம் காட்டில்தான், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி, தமிழ்நாட்டின் 20 ஏழைத் தொழிலாளர்களை 2015 ஏப்ரல் 7 அன்று காவல்துறை சுட்டுக் கொன்றது. கடத்தலின் இலாபம் முதலாளிகளுக்குச் சென்றது. குண்டு கூலிக்காரர் மார்பில் பாய்ந்தது. மக்களைப் பகைவராகக் கருதும் வனப் பாதுகாப்பின் விளைவு இதுவே.

மாற்று வழி உண்டு. லடாக்கிலும் ஸ்பிதியிலும் பனிச்சிறுத்தை ஆடுகளைக் கொன்றதால் மேய்ப்பர்கள் அதனைப் பகைத்தனர். பட்டிகளுக்குக் கம்பிவலைக் கூரை அமைக்கப்பட்டது; சில ஊர்களில் மக்களே நடத்தும் கால்நடைக் காப்பீடு இழப்பை ஈடுசெய்தது. பகை தணிந்தது. 2024 ஜனவரியில் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் உள்ளன. ஆந்திரத்தின் நல்லமலைக் காட்டில் புலிகளின் தடம் அறிந்து காவல் புரிபவர்கள் செஞ்சுப் பழங்குடியினர். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கா மலையில் 2011இல் சோளகர்களின் கிராம சபைகள் சமூக வன உரிமை பெற்றன. அங்கே புலியும் வாழ்கிறது, சோளகரும் வாழ்கின்றனர்.

இடதுசாரிகளின் போராட்டமும் சேர்ந்து பெற்றுத்தந்த 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டையும் காட்டுயிரையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு வழங்குகிறது. ஆயினும் 2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம், புலிகள் காப்பகங்களிலுள்ள 591 கிராமங்களின் 64,801 குடும்பங்களை இடம்பெயர்க்கும் பணிக்கு முன்னுரிமை அளிக்குமாறு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. கிராம சபையின் ஒப்புதலின்றி எவரையும் வெளியேற்றச் சட்டம் இடமளிக்கவில்லை.

எனவே, திருப்பதி, சித்தூர் மாவட்டங்களின் யானாதி உள்ளிட்ட மக்களுக்குச் சமூக வன உரிமைப் பட்டா வழங்கப்பட வேண்டும். வனக் காவல் பணியில் உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் நிரந்தர ஊதியத்துடன் அமர்த்தப்பட வேண்டும். ஆடு இழந்த மேய்ப்பருக்கு அலைக்கழிப்பின்றி இழப்பீடு கிடைக்க வேண்டும். இக்கோரிக்கைகளைக் கிளைகள் ஒவ்வொரு மலையடிவாரச் சிற்றூருக்கும் கொண்டு செல்லட்டும்.